வலது பக்கம் பியானோ

அந்த வரியைத் தட்டச்சு செய்தவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 'செவித்திறன் குறைவுக்குக் காரணம்: இயர்போன் மாட்டிப் பாட்டுக் கேட்கும் நீண்ட காலப் பழக்கம்.' கம்பெனி டாக்டர் சொல்லச் சொல்ல அடித்தேன். ஓர் எழுத்துப் பிழைகூடக் கிடையாது. ஆறு வாரம் கழித்து, நான் அடித்ததை என் கையாலேயே கோடு போட்டு அடிக்க வைத்தார் மூடியக்கா.

எங்களுடையது தகர டப்பா செய்கிற கம்பெனி. பெயின்ட், எண்ணெய், பிஸ்கட் என்று யார் எதை அடைத்தாலும் டப்பா எங்களிடமிருந்து போகும். மூடி வெட்டுகிற பிரஸ் ஒன்பது, ஒரே வரிசையில் நிற்கும். ஐந்தாவது மூடியக்காவுடையது. பத்தொன்பது வருடமாக அதே இடம், அதே முக்காலி. மூடி வெட்டுவதால் அந்தப் பெயர் வந்தது. மற்றபடி அவர் வாயை மூடிப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. என்னை 'டைப்பு' என்று கூப்பிடுவார். மேனேஜரை 'சார்' என்பார். அவர் 'சார்' என்கிற தோரணையில் மேனேஜருக்கே நாற்காலியில் நிமிர்ந்து உட்காரத் தோன்றும்.

பிரஸ்ஸில் வேலை எளிது. தகட்டை வைக்க வேண்டும், இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்களை அழுத்த வேண்டும், அச்சு இறங்கி மூடியை வெட்டும். வெட்டிய மூடியைச் சரிவில் தள்ள ஒரு காற்றுக்குழாய் 'புஸ்' என்று ஊதும். எழுத்தில் இந்தப் 'புஸ்' பூனைக்குட்டி போல சாதுவாகத் தெரிகிறது. வலது காதுக்கு ஒரு முழம் தள்ளி, நிமிடத்துக்கு இருபது தடவை, எட்டு மணி நேரம் அதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். நான் அந்தக் கூடத்துக்குள் காகிதம் கொண்டுபோகும்போதெல்லாம் ஓட்டமும் நடையுமாகத்தான் திரும்புவேன்.

மூடியக்காவின் மகள் புது போன் வாங்கியபோது பழையதை அம்மாவுக்குக் கொடுத்தாள். மகள் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். உள்ளே பல்லைத் துளைக்கிற சத்தம் வெளியே காத்திருப்பவர்கள் காதில் விழுந்தால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். அதனால் டாக்டர் கொஞ்சம் இசைக் கோப்புகளை அவள் போனில் ஏற்றிக் கொடுத்து, ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருந்தார். அவை அந்தப் பழைய போனிலேயே தங்கிவிட்டன. அவற்றில் ஒன்று ஏழு நிமிடம் ஓடும். பெயர் இல்லை, வெறும் எண் மட்டும்.

கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்ப ஒரு மணி நேரம். முதலில் மூடியக்கா சினிமாப் பாட்டுதான் கேட்டார். ஆனால் எட்டு மணி நேரம் கத்தல் கேட்டுவிட்டு வருகிறவருக்கு, அங்கேயும் யாராவது காதலித்து அழுது உருகிக் கத்துவது தாங்கவில்லை. ஒருநாள் விரல் தவறி அந்த ஏழு நிமிடம் ஓட ஆரம்பித்தது. ஒரு கிட்டார். பேச்சு கிடையாது, மேளம் கிடையாது. ஒருவன் ஏதோ சொல்ல ஆரம்பித்து, நாலு வார்த்தை சொல்லி, நிறுத்துகிறான். நன்றாக நிறுத்துகிறான். பஸ் ஒரு சிக்னலைத் தாண்டுகிற நேரம் ஒன்றுமில்லை. பிறகு, விட்ட இடத்திலிருந்து இல்லாமல் வேறு எங்கிருந்தோ தொடங்குகிறான். சில இடங்களில் கம்பியை விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கிறான், யாருக்காகவோ வாசலில் நடந்து காத்திருப்பது போல.

"யோசிச்சு யோசிச்சுப் பேசுற ஆளு டைப்பு இவன்," என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். "நம்ம வீட்டுலயும் ஆபீஸ்லயும் இப்படி ஒருத்தன் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!"

அவருக்குப் பிடித்ததே அந்த மௌனங்கள்தான். எட்டு மாதம் தினமும் கேட்டார். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று மனப்பாடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகளும் துணி எடுக்க டவுன் பஸ்ஸில் போனார்கள். ஜன்னலோரம் அம்மா, அவருக்கு வலப்பக்கம் மகள். போரடிக்கிறது என்று மகள் அம்மாவின் வலது காதிலிருந்த இயர்போனைப் பிடுங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டாள். ஒரு ஒயர், இரண்டு பேர்.

"இப்ப பாரு, நிறுத்திட்டு யோசிப்பான்," என்றார் அம்மா.

"யாரு நிறுத்தினா? இப்பதானே பிச்சு ஓடுது!"

"எது ஓடுது? ஒரு சத்தமும் இல்ல."

"பியானோம்மா. என்னமா வாசிக்கிறாங்க!"

"ஏதுடி பியானோ? கிட்டார் மட்டும்தான். எட்டு மாசமா கேக்குறேன், எனக்குத் தெரியாதா?"

"எனக்கு இதுல கிட்டாரே கேக்கல."

முன்சீட்டுக்காரர் திரும்பி, "ஒண்ணு ரெண்டு பேரும் ஒரே பாட்டைக் கேளுங்க, இல்ல ஆளுக்கொரு போன் வாங்குங்க," என்றார். மகள் சிரித்துக்கொண்டே அம்மாவின் இடது காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, தன் காதிலிருந்ததை அங்கே வைத்தாள்.

மூடியக்காவின் கையிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது. அவர் குனியவில்லை.

பியானோ இருந்தது. எட்டு மாதமும் இருந்திருக்கிறது. அவர் 'யோசனை' என்று நினைத்த ஒவ்வொரு இடத்திலும் அது பேசிக்கொண்டிருந்தது. பதிவு செய்தவர்கள் கிட்டாரை முழுக்க இடப்பக்கமும் பியானோவை முழுக்க வலப்பக்கமுமாக வேலி போட்டுப் பிரித்திருந்தார்கள். கிட்டார் நாலு வார்த்தை சொல்லி நிறுத்தினால், பியானோ அதே நாலு வார்த்தையை எடுத்து, கடைசி வார்த்தையை மட்டும் மாற்றித் திருப்பிக் கொடுக்கிறது. 'அப்படியா சொல்ற?' என்பது போல. அதனால்தான் கிட்டார் அடுத்த தடவை வேறு இடத்திலிருந்து தொடங்கியிருக்கிறது. வாசலில் நடக்கிற மாதிரித் தட்டினானே, அது காத்திருத்தல் இல்லை. பியானோ மூச்சிரைக்க ஓடும்போது காலடியில் தரை போட்டுக்கொண்டே போயிருக்கிறான்.

"அவன் யோசிக்கலடி," என்றார் மகளிடம். "கேட்டுக்கிட்டு இருந்திருக்கான்."

அதற்குப் பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. மகள் அந்த முனையை அம்மாவின் வலது காதில் வைத்தாள். ஒன்றுமில்லை. சத்தத்தைக் கூட்டினாள். ஒன்றுமில்லை. தன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு "ஆ" என்று பிடுங்கினாள். சினிமாப் பாட்டு இரண்டு பக்கமும் ஒன்றாக வருவதால் இத்தனை நாள் வித்தியாசம் தெரியாமல் போயிருக்கிறது. எதிரே இருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள் என்றே மூடியக்கா நினைத்துக்கொண்டிருந்தார். எல்லோரையும் இடப்பக்கம் வரச்சொல்வது அவருக்குப் பழக்கமாகிப் போயிருந்தது.

இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. மகள் அழுதாள். அம்மா, "அழுகையை அப்புறம் வச்சுக்கலாம், அதை மறுபடி போடு," என்றார். கடைசி நிறுத்தம் வரை போனார்கள்.

பெரியாஸ்பத்திரியில் பரிசோதனை நடந்தது. சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். இடது காதுக்குச் சரியாக அழுத்தினார். வலது காதுக்கு மாற்றியதும் அழுத்தவே இல்லை; தூங்கிவிட்டாரோ என்று நர்ஸ் எட்டிப் பார்த்தாராம். தொடர்ந்த பெருஞ்சத்தத்தால் வந்த சேதம், இனித் திரும்பாது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தத் தாளோடு மூடியக்கா மேனேஜர் அறைக்கு வந்தார். அவர் கேட்டது இரண்டே விஷயம். ஒன்பது பிரஸ்ஸிலும் காற்றுக்குழாய்க்குச் சத்தத்தை அடக்குகிற மூடாப்பு போட வேண்டும். ஒன்பது பேருக்கும் காதுக் கவசம் வேண்டும். "என் காது போச்சு, அதைக் கேட்டு நான் வரல சார். பக்கத்து ஆளுங்க காது இன்னும் பாக்கி இருக்கு."

வியாழக்கிழமை கம்பெனி டாக்டர் வந்தார். ஐந்து நிமிடம் பார்த்தார். எழுந்து போகும்போது, ஏதோ குசலம் விசாரிப்பது போல, "பாட்டெல்லாம் கேப்பீங்களா?" என்றார். மூடியக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. கிட்டார் எங்கே நிற்கிறது, பியானோ எங்கே நுழைகிறது, மூன்றாவது நிமிடத்தில் பியானோ ஒரு தப்பான கட்டையைத் தொட்டுவிட, கிட்டார் அதே தப்பை வேண்டுமென்றே இன்னொரு தடவை வாசித்து அதை அழகாக்கிவிடுவது, எல்லாம் சொன்னார். "தப்பு பண்ணினவனைக் காட்டிக்கொடுக்காம கூட நிக்கிறான் பாருங்க டாக்டர்!" டாக்டர் புன்னகைத்தார். ஜாஸ் என்று சொல்வார்கள் இந்த வகையை என்றார். பிறகு என் மேஜைக்கு வந்து அந்த வரியைச் சொன்னார்.

கையெழுத்துக்கு நான்தான் தாளை நீட்டினேன். மூடியக்கா நின்றபடியே படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"டைப்பு, இது யாரு சொன்னது?"

"டாக்டர்."

"அடிச்சது?"

"நான்தான்க்கா."

அவர் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "நான் அவர்கிட்ட ஆசையா சொன்னேன் டைப்பு," என்றார். பேனாவைத் திருப்பி என் மேஜையில் வைத்தார். "போட மாட்டேன்."

வீட்டில் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்க முப்பது பிள்ளைகளின் கூச்சலைக் கேட்பவருக்கு வம்பென்றாலே அலர்ஜி. "ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலையேன். அந்தப் பாட்டையும் விட்டுடு. மிச்சம் ஒரு காதாவது இருக்கட்டும்," என்றார்.

"பத்தொன்பது வருஷமா அந்த மிஷின் என் காதுல கத்துச்சு. நிறுத்துன்னு நீங்க சொன்னீங்களா? யாராவது சொன்னாங்களா? ஏழு நிமிஷம் ரெண்டு பேரு எனக்கு மரியாதையா ஒண்ணு சொல்றாங்க. அதை நிறுத்தணுமா?"

"நான் சொன்னது உன் நல்லதுக்கு."

"என் நல்லதுக்குச் சொல்றவங்க எல்லாரும் என்னையவே வாயை மூடச் சொல்றீங்களே, அது எப்படி?"

அன்றிலிருந்து மூடியக்கா அடுப்படி அலமாரியில் போனை நிறுத்தி, காலை சமையல் முடியும் வரை அதையே போட்டார். அரை மணி நேரத்தில் நாலு தடவை. கணவர் பல் தேய்க்கும்போது தன்னையறியாமல் அந்தத் தாளத்துக்குத் தேய்ப்பதை மகள் பார்த்துவிட்டாள். கேட்டதற்கு, "பல்லுல ஏதோ மாட்டிக்கிச்சு," என்றாராம்.

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. ஒரு சுற்றறிக்கை வந்தது. அதையும் நான்தான் அடித்தேன்: கம்பெனி வளாகத்திலும் கம்பெனி பஸ்ஸிலும் இயர்போன் பயன்படுத்தத் தடை. மறுநாள் மாலை மூடியக்கா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, பையிலிருந்து உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் ஒன்றை எடுத்து மடியில் வைத்தார். "இயர்போன்னுதானே போட்டிருக்கு? படிச்சுட்டேன். டைப்பு தப்பில்லாம அடிக்கிறவ." பஸ் முழுக்க அந்த ஏழு நிமிடம் ஓடியது.

"என்னக்கா, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் கேட்டார். சிரிப்பு. "இது ஆஸ்பத்திரில போடுறது மாதிரி இருக்கு," என்றார் இன்னொருவர். "சரியா சொன்ன, பல்லாஸ்பத்திரிதான்," என்றார் மூடியக்கா. நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் யாரோ, "அந்தத் தப்பு பண்ற இடம் வரும்போது சொல்லுங்கக்கா," என்றார்கள். அந்த இடம் வந்ததும் பஸ்ஸில் பேச்சு நின்றது. நானும் இருந்தேன். பியானோ தடுக்கியது. கிட்டார் அதே இடத்தில் தானும் தடுக்கியது. நாலாம் நம்பர் பிரஸ்காரர், எல்லோரும் 'நெட்டை' என்று கூப்பிடுகிற உயரமான மனிதர், மெல்லத் தலையை ஆட்டினார். தன் இடது காதை ஸ்பீக்கர் பக்கம் திருப்பியிருந்தார்.

மூடியக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"நெட்டை, நீ எப்பவாச்சும் இயர்போன் மாட்டியிருக்கியா?"

"போனே கிடையாதே எனக்கு. பொண்டாட்டி போனுக்குத்தான் எல்லாரும் பேசுவாங்க."

"சனிக்கிழமை என்கூட ஆஸ்பத்திரிக்கு வா."

போனது நெட்டை மட்டும் இல்லை. மற்ற பிரஸ்காரர்கள் எட்டுப் பேருமே போனார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு போனது பள்ளிக்கூட வேன். மூடியக்கா கேட்கக்கூட இல்லை, கணவரே அன்று காலை வேனைத் துடைத்து வாசலில் நிறுத்தி, "எத்தனை பேர் வர்றாங்க?" என்று மட்டும் கேட்டார். சின்னப் பிள்ளைகளின் இருக்கையில் முழங்கால் முகவாயில் இடிக்க எல்லோரும் உட்கார்ந்து போனார்கள். எட்டில் ஏழு பேருக்கு வலது காதில் சேதம். நெட்டைக்குத்தான் அதிகம்.

அதன் பிறகுதான் விசாரணை. மேனேஜர், டாக்டர், குறிப்பெழுத நான். மூடியக்கா எட்டுத் தாள்களையும் தன் தாளையும் மேஜையில் பரப்பினார். மேனேஜர் அவற்றைப் பார்க்காமல், "உங்க வயசுக்கு எதுக்கு இந்த இங்கிலீஷ் பாட்டு?" என்று நயமாக ஆரம்பித்தார்.

"அதுல இங்கிலீஷே இல்ல சார். ஒரு வார்த்தை கிடையாது. நீங்க கேட்டதில்லல்ல?" இயர்போனை நீட்டினார். "மாட்டுங்க. வலது பக்கத்தை வலது காதுல."

மேனேஜர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். மேனேஜர் மாட்டிக்கொண்டார். மூடியக்கா சத்தத்தைத் தான் வழக்கமாக வைக்கிற அளவில் வைத்தார். முழு ஏழு நிமிடமும் அவர் கேட்டார். நடுவில் மேனேஜரின் புருவம் ஒரு தடவை உயர்ந்தது. எந்த இடம் என்று எனக்குத் தெரியும்.

"வலது பக்கம் என்ன சார் கேட்டுச்சு?"

"பியானோ."

"காது வலிச்சுதா?"

"இல்ல." சற்றுத் தயங்கி, "நல்லாத்தான் இருக்கு," என்றார்.

"இதுதான் என் காதைத் தின்னுச்சுன்னு எழுதியிருக்கீங்க. இப்ப என்கூட வாங்க. அஞ்சாம் நம்பர்கிட்ட அதே ஏழு நிமிஷம் நில்லுங்க. நின்னுட்டு வந்து நீங்க சொல்றதை டைப்பு அடிக்கட்டும், நான் கையெழுத்து போடுறேன்."

வரமாட்டேன் என்று சொல்ல அவரால் முடியவில்லை. கதவுக்கு வெளியே எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். மேனேஜர் முக்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். மற்ற எட்டுப் பேரும் தங்கள் பிரஸ்ஸுக்குத் திரும்ப, மூடியக்கா உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். தகடு, பொத்தான், அச்சு, காற்று. முதல் நிமிடம் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டாவது நிமிடம் கட்டிய கையை அவிழ்த்தார். மூன்றாவது நிமிடம் முடியுமுன் அவருடைய வலது கை தானாகவே மேலே போய்க் காதைப் பொத்தியது. ஒன்பது பிரஸ்ஸும் ஓடிக்கொண்டிருந்தன. ஒருவரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மூடியக்கா வெட்டிக்கொண்டே இருந்தார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அந்த வரியை அடித்துவிட்டு வேறு வரி அடிக்கச் சொன்னார்கள். மேனேஜர் சொல்லச் சொல்ல அடித்தேன்: காரணம், பணியிட இரைச்சல். டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு விடைபெறாமல் போனார். மூடியக்காவைச் சத்தமில்லாத மூடி சரிபார்க்கும் பகுதிக்கு உடனே மாற்றுவதாகச் சொன்னார்கள். அவர் மறுத்தார். ஒன்பது குழாய்க்கும் மூடாப்பு போட்ட பிறகுதான் முக்காலியை விடுவேன் என்றார். போட்டு முடிக்க நாலு மாதம் ஆயிற்று. அந்த நாலு மாதமும் பெரிய பச்சைக் காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டு ஐந்தாம் நம்பரிலேயே உட்கார்ந்திருந்தார்.

காது திரும்பவில்லை. காது கேட்கும் கருவி வைத்துப் பார்த்தார். இரைச்சல்தான் பெரிதாகிறது என்று கழற்றிப் போட்டுவிட்டார். இரண்டு பக்கத்து ஓசையையும் ஒரே காதில் சேர்த்துத் தருகிற வசதி போனில் இருக்கிறது என்று மகள் கண்டுபிடித்து வைத்துக் கொடுத்தாள். ஒருநாள் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே ஆளோட சட்டைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்குடி," என்று அதை அணைத்துவிட்டார். முதலில் கிட்டார், பிறகு ஒயரை மாற்றிப் பியானோ என்று இரண்டு தடவை கேட்பதுதான் அவருக்குச் சரிப்பட்டது. கேட்காத பாதியை மனசுக்குள் தானே வாசித்துக்கொள்வார்.

போன மாதம் ஒரு இசைப்பள்ளியின் அரங்கில் காலை நிகழ்ச்சி, ஒரு கிட்டார், ஒரு பியானோ என்று சுவரொட்டி பார்த்தேன். நான்தான் டிக்கெட் எடுத்தேன். உள்ளே போனதும் மூடியக்கா எங்கள் வரிசையைத் தாண்டி நேராக முன்னால் போய், மேடையைப் பார்த்தால் வலது ஓரத்தில் உள்ள கடைசி இருக்கையில் உட்கார்ந்தார். அங்கே உட்கார்ந்தால்தான் இடது காது மேடைப் பக்கம் இருக்கும். டிக்கெட் சரிபார்க்கிற பெண் ஓடிவந்தாள்.

"மேடம், உங்க சீட் பின்னாடி."

"எனக்கு அங்க சீட்டு இருக்கும்மா. என் காதுக்கு இங்கதான்."

"இது ஒதுக்கினது மேடம்."

"யாருக்கு?"

"விருந்தினருக்கு."

"வரட்டும். அவருக்கு ரெண்டு காதும் நல்லா இருந்தா நான் எழுந்திருக்கணுமா வேண்டாமான்னு அவரையே கேளு."

விருந்தினர் வரவேயில்லை. நான் மூடியக்கா பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டேன். விளக்கு மங்கியது. ஓர் இளம்பெண் பியானோவுக்கும் வழுக்கை விழுந்த ஒருவர் கிட்டாருக்கும் உட்கார்ந்தார்கள். எங்களுக்குத் தெரியாத பாட்டு. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் ஒரு வாக்கியத்தை வேண்டுமென்றே முடிக்காமல் அந்தரத்தில் தொங்கவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். கிட்டார்காரர் உடனே பிடிக்கவில்லை. அவளைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கம்பியை மீட்டி அதை முடித்து வைத்தார்.

"அட!" என்றார் மூடியக்கா. தன் குரல் எவ்வளவு சத்தம் என்று அவருக்குத் தெரியாது. மூன்று வரிசை திரும்பிப் பார்த்தது. யாரோ 'உஷ்' என்றார்கள். நான் அவர் கையைத் தொட்டு, எல்லோரும் பார்க்கிறார்கள் என்று சைகை காட்டினேன்.

அவர் அவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார், நிதானமாக. பிறகு மேடைப் பக்கம் திரும்பி, இந்தத் தடவை தெரிந்தே, இன்னும் பலமாகச் சொன்னார்.

"அட!"

பியானோவிலிருந்த பெண் நிமிர்ந்து, குரல் வந்த பக்கம் பார்த்துச் சிரித்துவிட்டு வாசிப்பைத் தொடர்ந்தாள்.